ஹார்லனின் கொழுத்த பூக்கள்

என் அக்கா வெர்னாவின் புருஷன் ஹார்லனுக்கு வானிலை அத்துப்படி. இதை அவனே சொல்லுவான், யாரும் கேட்காமலே சொல்லுவான். பாலத்தடிக் காபிக் கடையில் உட்கார்ந்து பான்கேக்கைப் பிய்த்து வாயில் அடைத்தபடி, "இந்த மலைக்கு மேகம் வரணும்னா முதல்ல எங்கிட்ட சொல்லிட்டுத்தான் வரும்" என்பான். எனக்குத் தெரிந்து எந்த மேகமும் அவனிடம் சொல்லிவிட்டு வந்ததில்லை. வந்து நனைத்துவிட்டுப் போன பிறகு, நேற்றே எனக்குத் தெரியும் என்பான். அவ்வளவுதான் அவனுடைய சாஸ்திரம்.

இளவயதில் தெற்குச் சமவெளியிலிருந்து ஹம்போல்ட் மலைக்கு ஏறி வந்தவன் அவன். அப்பன் கார் விற்கிறவர். மகன் தோள்வரை முடி வளர்த்துக்கொண்டு, இயற்கையோடு வாழப் போகிறேன் என்று கிளம்பிவிட்டான். இயற்கை அவனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரிதான் பேச்சு. முதல் மழைக்காலத்திலேயே அவன் கட்டிய குடிசையின் கூரை பிய்த்துக்கொண்டு போய் ஆற்றில் விழுந்தது. அந்த நிலைமையில்தான் என் அக்கா அவனைக் கட்டிக்கொண்டாள். அவனிடம் என்ன கண்டாள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சிரித்த முகம் என்பாள். சிரித்த முகத்தை வைத்து ஒழுகுகிற கூரையை அடைக்க முடியுமா? என் கல்யாணம் முறிந்த பிறகு நானும் வந்து அவர்கள் நிலத்தின் ஓரத்தில் ஒரு டிரெய்லர் வீட்டைப் போட்டுக்கொண்டேன். அதனால் அவன் சவடாலைக் காலையும் மாலையும் கேட்கும் பாக்கியம் எனக்கு.

கஞ்சா வளர்ப்பது குற்றமாக இருந்த காலத்தில் போலீஸ் ஹெலிகாப்டருக்குப் பயந்து பெரிய மரங்களின் நிழலில்தான் செடி வைப்பார்கள். வெயில் கிடைக்காமல் செடி ஒல்லியாக நெட்டுக்குத்தலாய் வளரும். பூ விரல் பருமன் வந்தால் பெரிய விஷயம். அத்தனை வருஷமும் ஹார்லன் அந்த ஒல்லிப் பூவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தான். சட்டம் மாறியது, லைசென்ஸ் கிடைத்தது, ஐயா செடியை நடுவெயிலில் கொண்டுவந்து நட்டார். பூ முழங்கை பருமனுக்கு வந்தது. அதன் பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் போய்ப் பூவைத் தடவிப் பார்ப்பான். போட்டோ எடுத்து, தபால் கொடுக்க வருகிறவனிடம்கூடக் காட்டுவான்.

ஒல்லிப் பூ நனைந்தால் ஒரு காற்றடித்ததும் காய்ந்துவிடும். கொழுத்த பூ அப்படியில்லை, தண்ணீரைக் குடித்து வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளும். அழுகல் அந்த வயிற்றில்தான் ஆரம்பிக்கும். வெளியே பச்சைப் பசேல் என்று சிரித்துக்கொண்டிருக்கும், உள்ளே சாம்பல் பூத்திருக்கும். இந்த மலையில் செடி வைக்கிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லுவார்கள். ஹார்லனுக்கும் தெரியும். தன் பூவுக்கு மட்டும் அப்படி வராது என்பதுதான் அவனுடைய எண்ணம்.

முன்பெல்லாம் கோடை முடியும்போது ஒரு ஒழுங்கு இருந்தது என்பார்கள். செப்டம்பர் முழுக்க வெயில், அறுவடை முடிகிற சமயத்தில் மழை. இப்போது அந்த ஒழுங்கெல்லாம் எங்கேயோ ஓடிப்போய்விட்டது. ஆகஸ்டில் மண் வெடிக்க வெயில் அடிக்கும். பக்கத்து மலைகள் பற்றி எரிந்து வாரக்கணக்கில் புகை வந்து உட்காரும், பூவெல்லாம் சாம்பல் படியும். திடீரென்று ஒருநாள் கடல் பக்கமிருந்து பனிமூட்டம் ஏறி வந்து மதியம்வரை நகராது. அடுத்த வாரம் மறுபடி வெயில். நடுவில் எவனும் எதிர்பார்க்காத மழை ஒன்று.

செடியாவது பரவாயில்லை. அந்தப் புகை என் அக்காவின் நெஞ்சைக் கெடுத்துவிட்டது. போன மூன்று கோடையிலும் ஒவ்வொரு புகைக்கும் ஒரு படி இறங்கினாள். கொட்டகைவரை நடந்தால் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இன்னொரு கோடை இந்த மலையில் இருந்தால் நான் பொறுப்பில்லை, கடலோரமாய்ப் போய்விடுங்கள் என்று டாக்டர் பச்சையாகவே சொல்லிவிட்டார். ஹார்லனும் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். இந்த அறுவடையை விற்றதும் கடலோரத்தில் வீடு பிடித்துவிடலாம் என்றான். அந்தத் தோட்டத்தில் வளர்ந்து நின்றது செடியில்லை, என் அக்காவின் மூச்சு. எனக்கு அது அப்படித்தான் தெரிந்தது. அவனுக்கு மட்டும் அது பூவாகவே தெரிந்தது.

செப்டம்பர் பிறந்ததும் மழை வரும் என்று ரேடியோவில் சொன்னார்கள். எங்கள் பக்கத்து மேட்டில் செடி வைத்திருக்கும் ரூஃபீனோ தன் தோட்டத்தை வெட்டி முடித்துவிட்டு நேராக இங்கே வந்தான். மழைச் செய்தி வந்தால் முதலில் முடித்தவன் அடுத்தவனுக்குக் கை கொடுப்பது இந்த மலையில் வழக்கம்.

"ஆளுங்க இருக்காங்க, கத்தியும் இருக்கு" என்றான் ரூஃபீனோ. "நாளைக்கு வந்து உன்னுதையும் இறக்கிடலாம் ஹார்லன். கொஞ்சம் முந்தினாத்தான் என்ன, கெட்டா போகும்?"

"நீ பிஞ்சப் பறிச்சுட்டு வந்து எனக்குப் புத்தி சொல்றியாக்கும்" என்று சிரித்தான் ஹார்லன். "என் பூவப் பாரு. இன்னும் பத்து நாள் விட்டா உன் தொடை அளவுக்கு வரும்."

"என் தொடையில தண்ணி தேங்காதுய்யா. இதுல தேங்கும்."

"மழ வரட்டும். பேஞ்சா நாலு தூத்தல். நான் பாக்காத மழையா?"

வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த வெர்னா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "வெட்டிடு ஹார்லன்" என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கினாள். "இருக்கிறது போதும் நமக்கு."

"நீ மனச அலட்டிக்காத கண்ணு. இது விஷயம் தெரிஞ்சவன் பாத்துக்கிற வேல."

ரூஃபீனோ என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். வேறு என்ன செய்வது?

மழை வந்தது. நாலு தூற்றல் இல்லை, ஒரு பகலும் ஓர் இரவும் நின்று பெய்தது. மழை தொடங்கினதும் ஹார்லன் குழாய்களை வளைத்து நட்டு, வரிசைக்கு வரிசை பிளாஸ்டிக் விரித்து மூடினான். எல்லோரும் மூடுவார்கள்தான். ஆனால் பக்கவாட்டைத் திறந்து விடுவார்கள், காற்று போய் வரட்டும் என்று. மழை விட்டதும் இலை ஊதும் மிஷினை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு செடியாக ஊதி ஈரத்தை விரட்டுவார்கள். எங்கள் மேதாவி என்ன செய்தான் தெரியுமா? காற்றடித்தால் பிளாஸ்டிக் தூக்கிவிடும் என்று நாலு பக்கமும் இழுத்துக் கட்டி, ஓரத்தில் கல் வைத்து, இடுக்குக்கெல்லாம் துணிக் கிளிப் போட்டான். முடித்துவிட்டு, "ஒரு சொட்டு உள்ள போவட்டும் பாக்கலாம்" என்று சவால் விட்டான். ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை. உள்ளே ஏற்கெனவே இருந்த ஈரமும் வெளியே வரவில்லை.

மறுநாள் விடிந்தபோது வானம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. மழைக்கு மறுநாள் செடிக்காரர்கள் எல்லோரும் காபிக் கடையில் கூடி, யாருக்கு எவ்வளவு போச்சு என்று விசாரித்துக்கொள்வார்கள். ஊரார் முகம் தொங்குவதை நேரில் பார்க்கும் நாள் அது. ஹார்லன் அதை விடுவானா? திறப்பதற்கு என்ன அவசரம், வந்து திறக்கிறேன் என்று டிரக்கைக் கிளப்பிக்கொண்டு போனான்.

அன்றைக்கு அடித்த வெயில் செப்டம்பர் வெயில் இல்லை. காலையிலேயே சுள்ளென்று ஏறியது. நான் டிரெய்லர் கதவைத் திறந்து பார்த்தால் பிளாஸ்டிக் முழுக்க வெள்ளையாய் ஆவி. இட்லிப் பானையை மூடி வைத்தது மாதிரி தோட்டமே வெந்துகொண்டிருக்கிறது. போனை எடுத்து அவனைக் கூப்பிட்டேன்.

"ஹார்லன், உள்ள ஆவி அடிக்குது. வா உடனே."

"என்ன லோயிஸ், காலையிலேயே? சூடா இருந்தா நல்லா காயும்ல."

"துணி காயப் போட்டிருக்கியா நீ? அது அவியுதுய்யா!"

"இங்க பாருங்கப்பா, என் மச்சினி எனக்குச் செடி வளக்கக் கத்துக் குடுக்கறா" என்று அவன் கடையில் இருந்தவர்களிடம் சொல்வதும், அங்கே எல்லோரும் சிரிப்பதும் எனக்குக் கேட்டது. "இன்னொரு காபி குடிச்சுட்டு வரேன், போ." வைத்துவிட்டான்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். எனக்கு முன்னாலேயே வெர்னா போய்விட்டிருந்தாள். வீட்டை ஒட்டிய முதல் வரிசையில் கல்லைப் புரட்டி, கிளிப்பைப் பிடுங்கி, பிளாஸ்டிக்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்து எறிந்திருந்தாள். ஊதுகிற மிஷின் பக்கத்தில் கிடந்தது. அவள் கடைசிச் செடியின் அடியில் ஈர மண்ணில் உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. அடுத்த வரிசையைக் கையால் காட்டினாள், பேச முடியவில்லை.

"அந்த எழவு எப்படியோ போவட்டும், எந்திரி நீ" என்று கத்தினேன். அடுத்த வரிசையை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளை இழுத்துக் காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விட்டேன். மலையிறங்கும் வழியில் எதிரே ஹார்லனின் டிரக் வந்தது. ஏதோ பாட்டுக்குத் தாளம் போட்டபடி எனக்குக் கை காட்டிவிட்டுப் போனான். அன்றைக்கு அவன் என் கையில் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கே தெரியாது.

வெர்னா சில நாள் ஆக்சிஜனில் இருந்துவிட்டு வீடு திரும்பினாள். அதற்குள் ஹார்லன் பிளாஸ்டிக்கையெல்லாம் எடுத்துவிட்டு மார் தட்டிக்கொண்டு திரிந்தான். "பாத்தியா லோயிஸ், ஒரு புள்ளி கிடையாது. சும்மா ஊரக் கூட்டின." உண்மைதான், வெளியே ஒரு புள்ளி இல்லை. அதற்குப் பிறகுதான் ஒரு பூவின் நடுவில் சின்ன இலை ஒன்று மஞ்சளாகியது. அவன் அதைப் பிடித்து இழுத்தான், கையோடு வந்தது. பூவைப் பிளந்தான். உள்ளே சாம்பல் நிறத்தில் பொடி பறந்தது. அடுத்ததைப் பிளந்தான். அதுவும் அப்படியே. எதையெல்லாம் கொழுத்த பூ என்று போட்டோ எடுத்து ஊரெல்லாம் காட்டினானோ, அதிலெல்லாம்தான் அழுகல் முதலில் கைவைத்திருந்தது.

அழுகலை வெட்டி வெட்டிப் பைகளில் போட்டான். நல்லது ஏதாவது மிஞ்சுமா என்று தேடித் தேடிக் கடைசியில் வெறும் குச்சிகள்தான் நின்றன. ஹெலிகாப்டர் பிடுங்காததை ஒரு காலை வெயில் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. காபிக் கடைப் பக்கமே அவன் தலை காட்டவில்லை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டாவது போயிருக்கலாம், அத்தனை பேரும் இவனை விசாரிக்கக் காத்திருந்தார்கள்.

வெர்னா திறந்துவிட்ட வரிசை மட்டும் நன்றாக இருந்தது. ரூஃபீனோ யாரும் கூப்பிடாமலே ஆட்களோடு வந்து அதை வெட்டிக் கொட்டகையில் தொங்கவிட்டான். காய்ந்ததும் வாங்குகிறவரையும் அவனே கூட்டிவந்தான். ஹார்லனிடம் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. எனக்கு அந்தப் பெருந்தன்மையெல்லாம் கிடையாது, அவன் விட்டதற்கும் சேர்த்து நான் பேசினேன்.

அந்த ஒரு வரிசை இரண்டு பேருக்கு வீடு பிடிக்கக் காணாது. ஹார்லன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, "அடுத்த வருஷம் பாரு வெர்னா" என்று ஆரம்பித்தான். "காத்தாடி வாங்கி உள்ள வைக்கப் போறேன். பூ இதவிடப் பெருசா வரும். அதுக்கப்புறம் கிளம்பிடலாம், என்ன ஒரே ஒரு வருஷம்தானே."

வெர்னா எழுந்து போய்த் தன் துணிகளைப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தாள். நான் காரைத் திருப்பி வாசலில் நிறுத்தினேன். பெட்டி வந்தது, ஆஸ்பத்திரியில் கொடுத்த மூச்சு மிஷின் வந்தது, பிறகு அவள் வந்தாள். ஹார்லன் காபிக் கோப்பையோடு வாசலில் நின்றான். அந்தச் சிரித்த முகத்தை எங்கே வைத்தான் என்று தெரியவில்லை.

"எங்க போற?"

"கடலோரத்துக்கு. சின்ன அறை ஒண்ணு கிடைச்சிருக்கு. ஒரு ஆளுக்குப் போதும்."

"அறுவடப் பணத்த எடுத்துக்கிட்டா?"

"நான் திறந்த வரிச அது. என்னுது."

"அப்ப நான்?"

அவள் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினாள். வெறுங்குச்சி நின்ற தோட்டத்தை ஒருதடவை முழுசாகப் பார்த்தாள்.

"மத்த வரிசையெல்லாம் உன்னுதுதான் ஹார்லன்" என்றாள். "பத்திரமா மூடி வச்சுக்கோ."