இரண்டு பேர் வீட்டுக்கு ஒரு மொத்தக் கடை

எங்கள் கல்யாண நாளுக்கு அத்தான் கொண்டுவந்த பரிசு ஒரு வாளி மயோனெய்ஸ். வாளி என்று சும்மா சொல்லவில்லை. கம்பிக் கைபிடி போட்டு, சுவருக்கு அடிக்கிற பெயின்ட் வருமே, அதே மாதிரி வெள்ளை வாளி. அதைக் குசினி மேசையில் வைத்துவிட்டு, கொஞ்சம் பின்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு எங்கள் முகங்களைப் பார்த்தார்.

"கடையில சின்னப் போத்தல் என்ன விலை எண்டு தெரியுமே?" என்றார். "இதுக்குள்ள எத்தினை போத்தல் இருக்கு எண்டு யோசிச்சுப் பாருங்கோ."

நான் யோசித்துப் பார்த்தது வேறு. எங்கள் வீட்டில் மயோனெய்ஸ் தின்கிற ஆள் மகன் மட்டும்தான். அவன் வேலை கிடைத்து மான்செஸ்டருக்குப் போய்விட்டான். மிஞ்சியது நானும் என் கணவரும். இருவரும் சோறும் கறியும் தின்கிற ஆட்கள். அந்த வாளியை எறியவும் வழி இல்லை. உணவுக் கழிவு போடக் கவுன்சில் தந்த பெட்டி அந்த வாளியைவிடச் சின்னது.

அத்தான் என் அக்காவின் கணவர். ஜெர்மனியில் கனகாலம் இருந்துவிட்டு, பிள்ளைகள் இங்கிலீஷில் படிக்க வேண்டும் என்று லண்டனுக்கு வந்தவர்கள். ஆபிஸ்களைத் துப்பரவாக்குகிற சின்னக் கொம்பனி ஒன்று நடத்துகிறார். பிள்ளைகள் படித்து, கல்யாணம் முடித்து, தனித்தனியாகப் போய்விட்டார்கள். ஆக, அங்கேயும் இரண்டு பேர்தான். மோர்டனில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் அவர்கள் வீடு. அந்த இடத்தின் இங்கிலீஷ் பெயரே மிச்சம். இடத்துக்கு ஏற்ற ஆள் என்று நான் என் கணவரிடம் சொல்வேன். எதில் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்பதைத் தவிர அந்த மனிசன் வேறெதையும் கதைத்து நான் கேட்டதில்லை.

வாளி வந்த இடத்தைக் கடை என்று சொன்னால் அவருக்கு முகம் சுருங்கிவிடும். கிளப் என்று சொல்ல வேண்டும். வருஷச் சந்தா கட்டி, படம் எடுத்து, கார்ட் வாங்கினால்தான் உள்ளே விடுவார்கள். கார்டும் எல்லோருக்கும் கொடுக்க மாட்டார்கள். சொந்தத் தொழில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் ஒத்துக்கொள்கிற உத்தியோகம் ஒன்று பார்க்க வேண்டும். அதாவது, கடைக்காரனுக்குக் காசு கட்டி, "ஐயா, உன்னுடைய சாமானை நான் வாங்கலாமா?" என்று கேட்கிற இடம். விசாவுக்கு எத்தனையோ வாசல்களில் நின்று களைத்த சனம் நாங்கள். அது போதாதென்று டொய்லெட் பேப்பர் வாங்கவும் படம் போட்ட கார்டை நீட்டிக்கொண்டு நிற்கிறதை ஒரு பெருமையாக அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் கணவர் கவுன்சிலில் வேலை. அன்றிரவு வாளியை பிரிஜ்ஜுக்குள் தள்ளப் பார்த்தபடி மெல்லச் சொன்னார்:

"கவுன்சில்ல வேலை செய்யிற ஆக்களுக்கும் கார்ட் குடுப்பினமாம்."

"வாளி உள்ளுக்குப் போகுதே?" என்று கேட்டேன்.

"மேல் தட்டைக் கழட்டினாப் போகும்."

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த மனிசன் அத்தான் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் வேலை செய்கிறேன். சனிக்கிழமை வேலை, அதற்குப் பதிலாகச் செவ்வாய் லீவு. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் எங்களை விருந்தாளிகளாகக் கூட்டிப் போனார். அக்கா வரவில்லை. முழங்கால் நோகுது என்றாள்.

விமானம் நிறுத்துகிற கொட்டகை மாதிரி ஒரு கட்டடம். வாசலில் அத்தான் கார்டைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டிக்கொண்டு போனார். நின்ற பெடியன் அதைப் பார்க்கவே இல்லை. ட்ரொலி என்று ஒன்று தந்தார்கள், அதற்குள் என்னை இருத்தித் தள்ளிக்கொண்டு போகலாம். உள்ளே போனதும் டிவி, அடுத்ததாக டயர், அடுத்ததாகத் தோட்டத்துக் கதிரை. அரிசி பருப்புக்கு இன்னும் நடக்க வேண்டும். விலைச் சீட்டுகளில் வரி சேர்க்காத விலை கொட்டையெழுத்தில் இருந்தது. வரியோடு சேர்ந்த விலை அதற்குக் கீழே, எங்கள் கடைக்கு வருகிற கிழவர்கள் ஒருவராலும் வாசிக்க முடியாத அளவில். சாப்பாட்டுச் சாமான் அநேகத்துக்கு வரி இல்லை என்றார் அத்தான். அவருடைய ட்ரொலிக்குள் அதுவரை கிடந்ததில் சாப்பாட்டுச் சாமான் ஒன்றும் இல்லை.

நடுவில் ஒரு பெண் தொப்பி போட்டுக்கொண்டு நகத்தளவு சீஸ் துண்டுகளைக் குச்சியில் குத்திக் கொடுத்தாள். அதற்கு ஒரு வரிசை. விம்பிள்டன் கோயிலில் பட்டுச்சேலையும் காப்புமாக நிற்கிற ஒரு மனிசி அந்த வரிசையில் நின்றா. சீஸை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, கோட்டைக் கழற்றிக் கையில் போட்டு, திரும்ப வரிசையின் வாலில் போய் நின்றா. என்னைக் கண்டதும் மேலே கூரையைப் பார்த்தா. நானும் கூரையைப் பார்த்தேன். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

"பாதி பாதியாப் பிரிப்பம்," என்று அத்தான் சொல்லச் சொல்ல, என் கணவர் எடுத்து எடுத்துப் போட்டார். தலையணை அளவு பையில் பசளிக்கீரை. கோழித் தொடைப் பெட்டி. குழந்தையின் தலை அளவு மஃபின்கள். அவகாடோ ஒரு வலை நிறைய. எங்கள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போனபோதுகூட இந்த மனிசன் முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தை நான் காணவில்லை.

"அவகாடோ ஆருக்கு?" என்று கேட்டேன்.

"உடம்புக்கு நல்லதெல்லே?"

"எங்கட உடம்புக்கோ?"

"நீர் எல்லாத்துக்கும் ஒண்டு சொல்லும்," என்று ட்ரொலியைத் தள்ளிக்கொண்டு போனார்.

காசு கட்டின பிறகும் வெளியே விடவில்லை. வாசலில் இன்னொரு வரிசை. ஒரு பெண் ரிசீட்டை வாங்கி, ட்ரொலியை எட்டிப் பார்த்து, பேனையால் ஒரு கோடு இழுத்துவிட்டாள். காசு கொடுத்து வாங்கின ஆளைக் கள்ளனைப் பார்க்கிற மாதிரிப் பார்த்து அனுப்புகிறார்கள். அத்தான் அந்தக் கோட்டை வாங்கிக்கொண்டு, பரீட்சை பாஸான பிள்ளை மாதிரிச் சிரித்தார்.

கீரை புதன்கிழமை தண்ணியாகிவிட்டது. அவகாடோ ஒரு கிழமையாகக் கல்லு மாதிரிக் கிடந்தது, ஒரு நாள் காலையில் எல்லாம் ஒன்றாகக் கறுத்தது. மஃபினை என் கணவர் காலையும் மாலையும் தின்றார். நான் ஒன்றைக்கூடத் தொடவில்லை. பிடிவாதம்தான். "லாபமோ நட்டமோ எண்டு ரெண்டு மாசம் பாத்துத்தான் சொல்லலாம்" என்று அவர் வாயில் மஃபினோடு சொன்னார்.

அதற்குப் பிறகு வந்த ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் அக்கா வந்து நின்றாள். சப்பாத்தைக் கழற்ற முதலே மூக்கை உறிஞ்சினாள்.

"என்ன கறி?"

"கத்தரிக்காய்ப் பால்கறி. கொஞ்சம் சூடை மீன் பொரிச்சனான். எனக்கு மட்டும்தான் சமைச்சது. இரு, இன்னொருக்கா அரிசி போடுறன்."

"வேண்டாம், இருக்கிறதில தா."

இருந்ததைப் பங்கு போட்டோம். முதல் நாள் பின்னேரம் வேலையால் வரும்போது தமிழ்க் கடையில் வாங்கின இரண்டு கத்தரிக்காய், ஒரு பிடி மீன். அவ்வளவுதான்.  அக்கா சோற்றுக் கோப்பையை ஒரு பருக்கை இல்லாமல் வழித்துத் தின்றதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சின்ன வயதில் சாப்பாட்டுக்கு அவளைக் கெஞ்ச வேண்டும்.

"வீட்டில சமைக்கேல்லையே?" என்று கேட்டேன்.

"சமைக்கிறதோ?" என்று சிரித்தாள். "பின்னேரம் வந்தவுடன மனிசன் கராஜுக்குள்ள போய் ஃப்ரீசரைத் திறந்துவச்சுக்கொண்டு நிப்பார். அங்கயிருந்து கத்துவார், சொசேஜுக்கு டேட் நாளையோட முடியுது, நாண் நாளையிண்டைக்கு முடியுது எண்டு. அதைத்தான் தின்ன வேணும். எனக்கு என்ன விருப்பம் எண்டு கேட்டு எத்தினை வருஷம். அங்க டேட்டுக்குத்தான் பசிக்கும்."

"நீ உனக்கு வேண்டியதை வாங்கிச் சமையன்."

"வாங்கினாக் கேப்பார், இவ்வளவு கிடக்கேக்க ஏன் வாங்கினனி எண்டு. அதுக்கு மறுமொழி சொல்லுற நேரம் சொசேஜைத் திண்டுட்டுப் படுக்கலாம்."

எழும்பிக் கை கழுவும்போது, கோயிலுக்குப் போகிறதாக அத்தானிடம் சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னாள். அடுத்த செவ்வாயும் வந்தாள். அதற்கடுத்ததும் வந்தாள். வருவாள் என்று தெரிந்து நான் முருங்கைக்காய், பயிற்றங்காய் என்று கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி வைக்கத் தொடங்கினேன். அறுபதை நெருங்குகிற மனிசி, சொந்த வீடு, கராஜ் நிறையச் சாப்பாடு, ஒரு பிடி சோற்றுக்குப் பொய் சொல்லிப் பஸ் ஏறி வருகிறாள். இதுதான் அத்தான் பிடித்த மிச்சம்.

அத்தான் இரண்டாவது ஃப்ரீசர் வாங்கியபோது எங்களை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். முதலில் கராஜைக் காட்டினார். கார் பல வருஷமாகத் தெருவில்தான் நிற்கிறது. உள்ளே கூரை வரைக்கும் டொய்லெட் பேப்பர், பேப்பர் டவல், தண்ணீர்ப் போத்தல். நடுவில் புது ஃப்ரீசர். ஒரு ஆளைக் கிடத்தலாம். என் கணவர் அதன் மூடியைத் திறந்து மூடித் திறந்து பார்த்தார்.

சாப்பாட்டு மேசையில் குரோசான், சால்மன் மீன், நாண், கோழிச் செட்டை, நடுவில் ஒரு சீஸ் கேக். ஒன்றுக்கொன்று ஒரு சொந்தமும் இல்லை. அன்றைக்கும் அடுத்த நாளுக்கும் இடையில் டேட் முடிகிற சாமான்களின் கூட்டம். அத்தான் பக்கத்தில் லப்டொப்பைத் திறந்து வைத்திருந்தார். எங்கள் அங்கத்துவத்தை அன்றைக்கே பதிந்துவிடுவது என்று திட்டம்.

"போஸ்ட் கோட்டைச் சொல்லுங்கோ," என்றார் என் கணவரிடம். "ரெண்டாவது கார்ட் சும்மா தருவாங்கள். தங்கச்சியின்ர பேரையும் போடுவம்."

"என்ர பேரைப் போட வேண்டாம்," என்றேன்.

"அவ அப்பிடித்தான் சொல்லுவா, அண்ணை," என்றார் என் கணவர். "நீங்கள் போடுங்கோ."

அக்காவின் கோப்பையில் ஒன்றும் இல்லை. நான் பார்ப்பதைக் கண்டு அத்தான் சொன்னார்:

"அவ இப்ப சாப்பாட்டைக் குறைச்சிட்டா. செவ்வாய்க்குச் செவ்வாய் கோயில் வேற. பக்தி கூடிப்போச்சு."

"நான் கோயிலுக்குப் போறேல்லை," என்றாள் அக்கா.

அவள் குரல் உயரவில்லை. தண்ணீர்க் கிளாசைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"பின்ன எங்க போறனி?"

"தங்கச்சி வீட்டுக்குச் சோறு தின்னப் போறனான்."

அத்தான் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அந்த மனிசனுக்கு அது விளங்கவே இல்லை.

"வீட்டில இவ்வளவு கிடக்கேக்கயோ?"

"ஓம்."

எழும்பிக் கராஜுக்குப் போனார். கதவு திறந்து கிடந்ததால் எல்லாம் கேட்டது. பழைய ஃப்ரீசரைத் திறந்தார், புதியதைத் திறந்தார். "இதுக்குள்ள என்ன இல்லை? சொல்லும். என்ன இல்லை?"

"ரெண்டு கத்தரிக்காய்," என்றாள் அக்கா, இருந்த இடத்திலேயே இருந்து.

 பிறகு, பைகளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. உண்மையாகவே தேடினார். திரும்பி வந்தபோது கைவிரல்கள் குளிரில் சிவந்திருந்தன. "அது கிளப்பில பெட்டியாத்தான் வரும்," என்றார். சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே கேட்டதுபோல வாயை மூடிக்கொண்டார்.

என் கணவர் லப்டொப்பை மெல்ல மூடினார். "பிறகு பாப்பம், அண்ணை," என்றார்.  வீட்டுக்கு வந்ததும் அந்த மயோனெய்ஸ் வாளியைப் பின்பக்கம் கொண்டுபோய் வெறுமையாக்கிக் கழுவினார். இப்போது அதற்குள் கறிவேப்பிலைக் கன்று நிற்கிறது. அதுவும் குளிருக்கு இலை கொட்டிவிட்டது.

நாங்கள் கிளப்பில் சேரவில்லை. எங்கள் தெருமுனைத் தமிழ்க் கடையில் எல்லாம் கொஞ்சம் விலை கூடத்தான், கடைக்காரர் சிரிக்கவும் மாட்டார். ஆனால், ஒரு பச்சை மிளகாய் வேண்டுமென்றால் ஒரு பச்சை மிளகாய் தருவார். வாசலில் என் பையை எட்டிப் பார்க்க மாட்டார்.

அக்கா இப்போது தனக்கு வேண்டியதைத் தானே வாங்கிச் சமைக்கிறாள். அத்தானும் அதைத் தின்கிறாராம். நல்லா இருக்கு என்று சொல்கிறாரா என்று கேட்டேன். சொல்லமாட்டார், ஆனால் திரும்பப் போடச் சொல்லிக் கோப்பையை நீட்டுவார் என்றாள். அவர் திருந்திவிட்டார் என்று நான் நம்பவில்லை. போன மாசம் சந்தாவைப் புதுப்பித்திருக்கிறார். அக்காவின் பெயரில் இரண்டாவது கார்டும் எடுத்திருக்கிறார். போன செவ்வாய் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அதைக் கைப்பையிலிருந்து எடுத்து எனக்குக் காட்டினாள். தலைக்குச் சாயம் பூசி, பொட்டு வைத்து, படத்தில் சிரித்துக்கொண்டு இருக்கிறாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உனக்கு வெக்கமில்லையே?" என்று கேட்டேன்.

"மனிசன் தனியப் போனா ரெண்டு ட்ரொலி எடுக்கும்," என்றாள். "நான் கூடப் போனா ஒண்டு. அதோட, பெற்றோலும் அங்க மலிவு."

பிறகு கார்டை என் பக்கம் திருப்பி, "படம் வடிவா வந்திருக்கெல்லே?" என்று கேட்டாள். நான் அவளுக்குச் சோறு போட்டேன்.