பாபாவுக்கு ஒரு பைனாகுலர்

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கண்ணாடி போட்டவள் நான்தான். எட்டு வயதில், சவூதியில் ஜுபைல் நகரத்தில் நான் படித்த பள்ளியில் கரும்பலகை எழுத்துகள் கலங்கித் தெரிய ஆரம்பித்தன. மைனஸ் இரண்டரை என்றார் டாக்டர். பெண் பிள்ளைக்கு இப்படி ஆகிவிட்டதே என்று அம்மா ஊருக்குப் போன் போட்டு அழுதாள். அப்பாதான், கண்ணாடி போட்டால் கலெக்டர் மாதிரி இருக்கும் என்று சொல்லி என்னைச் சமாதானப்படுத்தினார். ஜுபைலில் கலெக்டர் யாரும் இல்லாததால் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை.

அந்தக் கண்ணாடியால் எனக்கு ஒரே ஒரு முறை பெரிய மரியாதை கிடைத்தது. பத்து வயதில், ஒரு சவூதிப் பெரியவருக்கு வேட்டைப் பைனாகுலர் தேர்ந்தெடுத்துக் கொடுக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

கூப்பிட்டவர் என் தாய்மாமா. அம்மாவுக்கு அண்ணன். அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து வந்து, பதினொரு வருடமாக ஒரே கஃபீலின், அதாவது விசா கொடுத்த முதலாளியின், வீட்டில் டிரைவராக இருந்தார். காலையில் அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, பெண்களைக் கடைக்கு அழைத்துப் போவது, பெரியவரை மகன்களின் வீடுகளுக்குக் கூட்டிப் போவது எல்லாம் அவர் வேலை. பெரியவரை மாமா 'பாபா' என்றுதான் கூப்பிடுவார். அதனால் எங்கள் வீட்டிலும் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது.

குளிர்காலம் வந்தால் பாபா ராஜாளிகளை எடுத்துக்கொண்டு பாலைவனத்துக்குப் போய்விடுவார். கூடாரம் போட்டு, முயலையும் கானமயில் சாதிப் பறவை ஒன்றையும் ராஜாளி விட்டுப் பிடிப்பார்கள். லேண்ட் க்ரூசரை ஓட்டுவது மாமா. எவ்வளவு தூரத்தில் ஒரு பறவை அசைந்தாலும் முதலில் சொல்வதும் மாமா. அதற்காகவே பாபா அவருக்கு 'அய்ன் ஸகர்' என்று பட்டம் கொடுத்திருந்தார். ராஜாளிக் கண் என்று அர்த்தம். அந்த வீட்டில் சமையல்காரர் முதல் பேரப்பிள்ளைகள் வரை எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும்போது இந்தப் பெயரை ஏதாவது ஒரு சாக்கில் மாமா பேச்சில் கொண்டுவந்துவிடுவார். அப்பா அம்மாவைப் பார்த்து ஓரமாகச் சிரிப்பார்.

பைனாகுலர் வாங்குவதற்கு முந்தைய குளிர்காலத்தில் பாபாவின் ராஜாளி ஒன்று தொலைந்துபோனது. அவர் குஞ்சிலிருந்து பழக்கியது. இரையைத் துரத்திப் போனது திரும்பி வரவில்லை. வடக்கே போனது என்று மாமா சொன்னதைக் கேட்டு அந்தப் பக்கமே இரண்டு நாள் தேடினார்கள். பாபாவுக்கு அப்போதுதான் தூரப்பார்வை மங்கிக் கண்ணாடி வந்திருந்தது. பழைய பைனாகுலரைக் கண்ணாடியோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பது போல் நடுவில் கொஞ்சம்தான் தெரியுமாம். கண்ணாடியைக் கழற்றி, பைனாகுலரைத் தூக்கிச் சரிசெய்வதற்குள் பறவை வானத்தில் கரைந்துவிட்டது. என் கண்ணால்தான் அவளை இழந்தேன் என்று பாபா மணலில் உட்கார்ந்து சொன்னதை மாமா எங்கள் வீட்டில் பல முறை சொல்லியிருக்கிறார். சொல்லும்போதெல்லாம் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிடுவார்.

அடுத்த குளிர்காலத்துக்கு முன்னால், கண்ணாடியோடு பார்க்கத் தோதான பைனாகுலர் ஒன்றைத் தேடிப் பிடிக்கும் பொறுப்பை பாபா மாமாவிடம் ஒப்படைத்தார். மாமாவுக்குத் தெரிந்தவர்களில் கண்ணாடி போட்டு, கேட்ட கேள்விக்கு ஒளிக்காமல் பதில் சொல்லும் ஆள் நான் ஒருத்திதான்.

ஒரு வியாழக்கிழமை மாலை கடைக்குப் போனோம். கேமராவும் கைக்கடிகாரமும் விற்கும் கடை. கோழிக்கோட்டுக்காரர் ஒருவர் நின்றிருந்தார். தமிழ்ப் படம் பார்த்தே தமிழ் கற்றவர். மாமா எடுத்த எடுப்பிலேயே, இருப்பதிலேயே பெரியது எது என்று கேட்டார். பன்னிரண்டு மடங்கு பெரிதாகக் காட்டும் ஒன்றைக் கடைக்காரர் எடுத்து என் கழுத்தில் மாட்டிவிட்டார். கழுத்து முன்னால் போனது. கடை வாசலில் நின்று எதிர்ச்சாரியில் இருந்த மருந்துக்கடைப் பலகையைப் பார்த்தேன். பலகை ஆடியது. விளிம்பெல்லாம் கறுப்பாக இருந்தது.

"என்ன தெரியுது புள்ள?"

"நடுவுல மட்டும் தெரியுது மாமா. அதுவும் டான்ஸ் ஆடுது."

கடைக்காரர் சிரித்துவிட்டு விளக்கினார். "பெரிசா காட்டினா கை நடுக்கத்தையும் பெரிசா காட்டும் சேட்டா. எட்டு மடங்கு போதும். கண்ணாடிக்காரருக்கு அதல்ல விஷயம்." அவர் தன் ஆள்காட்டி விரலை என் கண்ணாடிக்கும் பைனாகுலருக்கும் நடுவே குறுக்காக வைத்துக் காட்டினார். கண்ணாடி போட்டவரின் கண் பைனாகுலரை ஒட்டி வர முடியாது. இவ்வளவு இடைவெளி எப்போதும் நடுவில் நிற்கும். அந்த இடைவெளியிலிருந்து பார்த்தாலும் வட்டம் முழுதாகத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. சிலதில் தெரியும், சிலதில் தெரியாது. கண் வைக்கும் இடத்தில் இருக்கும் ரப்பர் வளையத்தைத் திருகிக் கீழே இறக்கிக்கொள்ளவும் வேண்டும். சொல்லிவிட்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். நான் ஒவ்வொன்றாகத் தள்ளினேன். என் சொல்லுக்கு இரண்டு பெரிய ஆட்கள் காத்து நின்றது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதனால் நன்றாக இருந்த ஒன்றைக்கூட ஓரத்தில் கறுப்பு தெரிகிறது என்று சொல்லி ஒதுக்கினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஆறாவதிலோ ஏழாவதிலோ வட்டம் முழுசாக வந்தது. மருந்துக்கடைப் பலகையில் ஒரு ஈ நடந்து போனது. அதன் காலடிகளைக்கூட எண்ணலாம் போலிருந்தது.

வேடிக்கைக்காகக் கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தேன். எல்லாம் கலங்கியது. கடைக்காரர் நடுவில் இருந்த சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். ஈ மறுபடி வந்துவிட்டது. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"கண்ணாடி இல்லாமயும் தெரியுதா?" என்று மாமா கேட்டார்.

கண் தூரப்பார்வையில் மங்கல் என்றால் இந்தச் சக்கரமே அதைச் சரிக்கட்டிவிடும் என்றார் கடைக்காரர். ஆனால் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுத்ததும் உலகம் மறுபடி கலங்கிவிடும். பறவையை முதலில் வெறுங்கண்ணால் பிடித்துப் பிறகு பைனாகுலரைத் தூக்குகிறவருக்கு அது உதவாது. மாமா தலையை ஆட்டினார். பிறகு அந்தச் சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பினால் என்ன ஆகும் என்று இன்னொரு முறை கேட்டுத் தெரிந்துகொண்டார். பாபாவுக்குச் சொல்லிக் கொடுப்பதற்காக என்று நினைத்தேன்.

குளிர் ஆரம்பித்ததும் ஒரு வெள்ளிக்கிழமை பாபா எங்களையும் கூடாரத்துக்கு அழைத்திருந்தார். அப்பாவுக்கு பிளான்ட்டில் டியூட்டி. அம்மாவும் நானும் மாமாவுடன் போனோம். அம்மா பெண்கள் இருந்த கூடாரத்துக்குள் போய் பாபாவின் மருமகள்களோடு கைஜாடையில் பேசிக்கொண்டிருந்தாள். நான் வெளியே, கட்டையில் கண்ணை மறைக்கும் தோல்குல்லாய் மாட்டி உட்கார்ந்திருந்த ராஜாளிகளின் பக்கமே சுற்றினேன்.

மதியச் சாப்பாடு முடிந்து பாபா பைனாகுலரோடு வந்தார். வெள்ளைத் தாடி, மூக்கு நுனியில் கண்ணாடி. என்னைப் பார்த்ததும் மாமாவிடம் ஏதோ கேட்டார். தேர்ந்தெடுத்தவள் இவள்தான் என்று மாமா சொன்னதும், என் கண்ணாடியைக் காட்டி, தன் கண்ணாடியைக் காட்டி, "சேம் சேம்" என்றார். அரபும் இந்தியும் இங்கிலீஷும் கலந்து டிரைவர்களிடம் பேசும் பாஷை அது. எங்கள் தலைமுறைப் பிள்ளைகள் எல்லோருக்கும் புரியும்.

தூரத்தில் ஒட்டகங்கள் மேய்ந்துகொண்டிருந்தன. பாபா பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு பரவியது. என்னிடம் கொடுத்தார். நான் எதையும் திருப்ப வேண்டியிருக்கவில்லை. ஒரு குட்டி ஒட்டகம் தாயின் வயிற்றுக்கடியில் நுழைவது பளிச்சென்று தெரிந்தது. பாபா மறுபடி வாங்கிப் பார்த்தார். பிறகு மாமாவிடம் நீட்டி, அய்ன் ஸகர், எத்தனை இருக்கிறது எண்ணு என்றார்.

மாமா வாங்கி, சக்கரத்தைத் திருப்பி, நிதானமாக எண்ணிப் பதினான்கு என்றார். நான் சரிபார்க்க வேண்டும் என்று அவர் கையிலிருந்து பிடுங்கினேன். ஒன்றும் தெரியவில்லை, ஒரே மூட்டம். கடையில் பார்த்த மூட்டமே. எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். சக்கரத்தைத் தொடவேயில்லை. பதினான்கு ஒட்டகமும் வரிசையாக நின்றன.

ஒரு பெரிய கணக்கை யாரும் சொல்லித் தராமல் நானே போட்டுவிட்டது போலிருந்தது. துள்ளிக் குதித்து, பாபாவுக்கும் புரிய வேண்டும் என்று அவர் பாஷையிலேயே கத்தினேன்.

"பாபா! மாமா கண்ணு, என் கண்ணு, சேம் சேம்!"

பாபா புரியாமல் பார்த்தார். விடுவேனா? கண்ணாடியை அவர் கையில் கொடுத்துவிட்டு, வெறுங்கண்ணோடு பைனாகுலரைப் பிடித்து, நல்லது என்று கட்டைவிரலைக் காட்டினேன். கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு பார்த்து, இல்லை என்று கையை ஆட்டினேன். சக்கரத்தைக் காட்டி, மாமாவைக் காட்டினேன். இவ்வளவு அழகாக நான் எந்தப் பாடத்தையும் ஒப்பித்ததில்லை.

பாபா பைனாகுலரை வாங்கித் தன் கண்ணாடியோடு வைத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். மெதுவாகக் கீழே இறக்கினார். ஒட்டகங்கள் இருந்த பக்கத்தை விரலால் காட்டி, வெறுங்கண்ணால் பார்த்து இப்போது எண்ணு என்று மாமாவிடம் சொன்னார். மாமா அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. தரையைப் பார்த்தபடி நின்றார்.

"போன வருஷம் என் ராஜாளி எந்தப் பக்கம் போனா?" என்று பாபா கேட்டார். அவர் அதை இந்தியில் கேட்டார். ஆனால் எனக்கு அது தமிழில் கேட்டது போலவே நினைவிருக்கிறது.

"வடக்கேன்னு சொன்னேன் பாபா."

"நீ பார்த்தியா?"

ராஜாளி ஒன்று கட்டையில் இறக்கையை உதறிக்கொண்டது.

"பார்க்கல."

பாபா கோபப்பட்டுக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை. நான்தான் தொலைத்தேன் என்று ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன் என்றார். அப்புறம், என் பேரப்பிள்ளைகள் தினமும் உன் வண்டியில்தான் போகிறார்கள் என்றார். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார். சொல்லிவிட்டுக் கையை நீட்டினார்.

"மிஃப்தாஹ்."

மாமா சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார்.

பிறகு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மறுநாள் காலையிலேயே பாபா தன் மகனை அனுப்பி மாமாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போகச் சொன்னார். அன்றைக்கே கண்ணாடி வந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு வண்டி ஓட்டச் சட்டத்தில் ஒரு தடையும் இல்லை. மாமா அந்த வீட்டில் இன்னும் ஆறு வருடம் வேலை பார்த்தார். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டார், பெண்களைக் கடைக்கு அழைத்துப் போனார். பெருநாளுக்குத் துணி எடுத்துக் கொடுப்பதிலோ ஊருக்கு லீவில் அனுப்புவதிலோ பாபா ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் வேட்டைக்கு வேறு டிரைவர் போனார். அந்த வீட்டில் எல்லோரும் மாமாவை அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். பதினொரு வருடம் கழித்து அந்தப் பெயரைச் சரியாக உச்சரிக்க அவர்கள் பட்ட பாட்டை மாமா எங்களிடம் நடித்துக்காட்டினார். நாங்கள் சிரித்தோம். என்னை அவர் ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அன்று மாலை கூடாரத்திலிருந்து நாங்கள் திரும்பிய பயணம்தான் எனக்கு மறக்கவில்லை. அம்மா பெண்களோடு வேறு வண்டியில் வந்தாள். நான் அடம்பிடித்து லேண்ட் க்ரூசரில் ஏறிக்கொண்டேன். பாபா ஓட்டினார். மாமா பக்கத்து இருக்கையில், இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்து, பள்ளியில் முதல் நாள் உட்கார்ந்த பையன் மாதிரி இருந்தார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. எந்த டிரைவருக்காவது அவனுடைய கஃபீல் வண்டி ஓட்டியிருக்கிறாரா? சனிக்கிழமை வகுப்பில் யார் யாரிடம் முதலில் சொல்வது என்று மனத்துக்குள் வரிசை போட்டுக்கொண்டிருந்தேன்.

மணல் முடிந்து தார்ச்சாலை ஏறும் இடத்தில் மாமா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். என்ன மாமா என்று முன்னால் எட்டிக் கேட்டேன். மணல் விழுந்திருச்சு புள்ள என்றார். நான் நல்ல மனசோடு அவருக்கு ஆறுதல் சொன்னேன்.

"கண்ணாடி போட்டுக்குங்க மாமா. மணலே விழாது."

பிள்ளை என்ன சொல்கிறாள் என்று பாபா சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். மாமா வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்தார். நான் இரண்டு பேரும் சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. இவ்வளவு உருப்படியான யோசனை சொல்லியும் ஒரு பாராட்டு இல்லையே என்று எனக்கு மனசு வாடிவிட்டது. ஜுபைல் வரும்வரை நானும் அவர்களோடு பேசவில்லை.