எங்க செவத்தை ஒட்டி வேணாம்

நான் நல்லாப் பேசுவேன். புதுக்கோட்டையில ஜவுளிக்கடை வச்சிருக்கிற பொம்பள வாயை மூடிக்கிட்டிருந்தா சேலை விக்குமா? அந்த வாயை வச்சுத்தான் எங்க வீதி வியாபாரிகள் சங்கத்துக்கும் போனேன். கமிட்டியில நான் ஒருத்திதான் பொம்பள. எங்க மனு குடுக்கப் போனாலும் என்னைய முன்னால தள்ளிவிட்டுட்டு ஆம்பளைங்க எல்லாம் பின்னால கையைக் கட்டிக்கிட்டு நிப்பாங்க. பொம்பள பேசுறப்ப ஆபீசர் பாதியில எந்திரிச்சுப் போக மாட்டாருன்னு அவங்களுக்கு ஒரு நெனப்பு.

ஒண்ணும் செய்யலன்னு சொல்ல முடியாது. பாலித்தீன் கவருக்குத் தடை வந்தப்ப, தள்ளுவண்டிக்காரனைப் புடிச்சு ஃபைன் போடாதீங்க, கவர் தயாராகுற எடத்துல போயிப் புடிங்க, எங்க வீதி முழுக்க நாங்களே துணிப்பைக்கு மாறிக்கிறோம்னு கலெக்டர் ஆபீஸ்ல போயிச் சொன்னோம். நான்தான் சொன்னேன். மாறவும் செஞ்சோம். அன்னிக்குக் கெடைச்ச கைதட்டுல நான் ஒரு சுத்து பெருத்துட்டேன்னு எங்க வீட்டுக்காரர் கேலி பண்ணுவாரு. அவரு கல்லாவுல ஒக்காந்திருப்பாரு. பேச்சு கொறச்சல். அவருக்கும் சேத்து நான் பேசிருவேன்.

அடுத்து என்ன கேக்கலாம்னு கூட்டத்துல யோசிச்சப்ப, வீதியில வேலை பாக்குற பொம்பளைங்களுக்கு ஒரு பொதுக் கழிப்பறை கேப்போம்னு சொன்னதும் நான்தான். எங்க வீதியில பாத்திரக்கடை, செருப்புக்கடை, ஜவுளிக்கடைன்னு கடைக்குக் கடை பொம்பளைங்கதான் காலையிலருந்து ராத்திரி வரைக்கும் நிக்கிறாங்க. ஒரு கடையிலயும் அவங்களுக்குப் பாத்ரூம் கெடையாது. சாப்பாட்டு நேரத்துல ரெண்டு ரெண்டு பேரா பஸ் ஸ்டாண்டுக்கு ஓடணும். அந்த ஓட்டத்துக்குப் பயந்துக்கிட்டு தண்ணியே குடிக்காம இருந்துருவாங்க.

எனக்கு இது எப்படித் தெரியும்னா, எங்க கடையில இருந்த ஒருத்தியப் பாத்துத்தான். கடையில வேலை பாக்குறவங்கள நாங்க ஊரைச் சொல்லித்தான் கூப்புடுவோம். பட்டுச் சேலைப் பக்கம் நின்னவ ஆவூர்க்காரி, அதனால அவ பேரு ஆவூரு. முப்பது வயசு இருக்கும். புருஷன் வெளிநாட்டுல. மகளைத் தன் அம்மாகிட்ட விட்டுட்டு பஸ் ஏறி வருவா. கழுத்துல சின்னதா ஒரு சிலுவை. அவ ஒரு பட்டை விரிச்சுத் தோள்ல போட்டுக் காமிச்சா, பாக்க வந்தவங்க எடுக்காமப் போக மாட்டாங்க. வீட்டுலருந்து ஒரு தண்ணிப் பாட்டில் கொண்டாருவா. அது சேலை அடுக்குக்குக் கீழ இருக்கும். காலையில எம்புட்டு இருந்துச்சோ கடை சாத்துறப்பவும் அம்புட்டு இருக்கும். அதை நான் தினமும் பாத்தேன். தெரியாதுன்னு சொன்னா என் வாய் அழுகிப் போகும்.

முனிசிபல் கமிஷனர் முன்னால அந்தப் பாட்டிலைத்தான் பேசினேன். எங்க கடையில ஒரு பொண்ணு இருக்கா சார், அவ பாட்டில் மூடியத் தொறந்து நான் பாத்ததில்லன்னு ஆரம்பிச்சு, வியாபாரம் நல்லா நடக்குற வீதியில வேலை பாக்குறவ தாகத்தோட நிக்கக் கூடாதுன்னு முடிச்சேன். பின்னால நின்ன ஆம்பளைங்களே கண்ணைத் தொடச்சாங்க. ஒரே கூட்டத்துல ஒத்துக்கிட்டாங்க. மனுவுல எடம் மட்டும் குறிப்பிடல. ‘தகுந்த எடத்துல’ன்னு போட்டாப் போதும், அவங்களே பாத்துக்குவாங்கன்னு நான்தான் சொன்னேன்.

இப்ப மாடியைப் பத்திச் சொல்லணும். சொல்லாம இருந்துறலாம்னு பாத்தேன். கடைக்கு மேலதான் எங்க வீடு. படியேறினா ஒடனே ஒரு பாத்ரூம், வீட்டுக்குள்ள போகக்கூட வேணாம். அதைப் பூட்டித்தான் வச்சிருப்பேன். கல்யாணப் பட்டு எடுக்க வர்ற குடும்பத்துப் பொம்பளைங்க கேட்டா சாவியைக் குடுப்பேன். வழி தெரியாதுல்ல, அதனால ஆவூரைக் கூட அனுப்புவேன். அவ அவங்களைக் கூட்டிக்கிட்டுப் போயித் தொறந்துவிட்டுட்டு, படியில நின்னு, அவங்க வந்ததும் பூட்டி, சாவியை என் கையில கொண்டாந்து குடுப்பா. படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில்னு யாரையோ சொல்றதா நெனச்சுச் சிரிச்சிருக்கேன்.

கொஞ்ச நாள்ல கடைக்குப் பக்கவாட்டுல இருந்த காலி எடத்துல ரெண்டு பேரு வந்து டேப்பைப் புடிச்சு அளந்தாங்க. சுண்ணாம்புல கோடு போட்டாங்க. என்னன்னு கேட்டா, லேடீஸ் டாய்லெட்டும்மா, நீங்க கேட்டதுதான்னு சிரிச்சாங்க. தெருவிளக்கு வெளிச்சம் விழுகுற எடம். நாலு பேரு நடமாட்டம் இருக்கிற எடம். பொம்பளைங்க பயமில்லாம வந்துபோக அதைவிட நல்ல எடம் எங்க வீதியில கெடையாது. ஆனா கோடு எங்க கடைச் செவத்தை ஒட்டி ஓடுச்சு. அந்தச் செவத்துக்கு இந்தப் பக்கம்தான் என் பட்டு செக்ஷன். வாடை வந்தா? கக்கூஸ் கடைன்னு பேரு விழுந்துட்டா? பட்டு எடுக்க வந்தவ மூக்கைப் பொத்திக்கிட்டு எதுத்த கடைக்குப் போயிட்டா?

கடைக்குள்ள வந்ததும் வராததுமா கவுன்சிலருக்குப் போன் போட்டேன். எனக்குத் தம்பி மொறை ஆகணும்.

“தம்பி, நல்ல காரியம், கட்டட்டும். எங்க செவத்தை ஒட்டி மட்டும் வேணாம். வேற எங்கிட்டாச்சும் தள்ளிக் கட்டச் சொல்லு.”

சரிக்கா, நம்மளுக்குள்ள என்னன்னு வச்சுட்டான். கல்லாவுலருந்து எங்க வீட்டுக்காரர் தலையைத் தூக்கி, நீதான கேட்டன்னாரு. அம்புட்டுத்தான் சொன்னாரு. கடை நடத்துறது நானா நீங்களான்னு சீறிவிழுந்தேன். மனுஷன் பேனாவை எடுத்துக்கிட்டுக் குனிஞ்சுட்டாரு. ரெண்டு மழையில சுண்ணாம்புக் கோடு அழிஞ்சுபோச்சு.

வீதி முடியிற எடத்துல, மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால, ஒயின்ஷாப் சந்துல கட்டுனாங்க. தெறப்பு விழாவுக்கு நான் மாம்பழக் கலர் பட்டுக் கட்டிக்கிட்டுப் போனேன். ரிப்பன் வெட்டுனாங்க. சங்கத்துப் பேரு போட்டுக் கல்லு வச்சாங்க. வியாபாரிகள் தங்களுக்குன்னு கேக்காம ஊருக்குன்னு கேட்டாங்கன்னு பாராட்டிப் பேசுனாங்க, நானும் பதிலுக்குப் பேசினேன். கடைக்கு வந்து எல்லாருக்கும் லட்டு குடுக்கச் சொன்னேன். தட்டைத் தூக்கிக்கிட்டு ஒவ்வொருத்தருக்கும் குடுத்தது ஆவூருதான். எனக்கும் ஒண்ணு நீட்டி, நல்லாப் பேசுனீங்களாம்ல அக்கான்னா.

அந்தச் சந்துக்கு எந்தப் பொம்பள போவா? மொத வாரம் நாலஞ்சு பேரு சேந்து போயிட்டு வந்தாங்க. வாசப்படியிலயே குடிச்சுட்டு ஒக்காந்திருக்கானுங்கன்னு பாத்திரக்கடைப் பிள்ளை சொன்னா. அப்புறம் யாரும் போகல. பாட்டில் மறுபடியும் நெறைஞ்சே நின்னுச்சு. சங்கக் கூட்டத்துல இதை ஒருத்தர் கேட்டப்ப நான் என்ன சொன்னேன் தெரியுமா? கட்டிக் குடுத்தாலும் நம்ம பிள்ளைங்களுக்குப் பயன்படுத்தத் தெரியலன்னு சொன்னேன். வாய்க்குப் பூட்டு இல்லாதவ நான்.

தீபாவளி நேரம். கடையில எள்ளு போட்டா எள்ளு விழாது. சேலை விரிச்சுக்கிட்டிருந்த ஆவூரு அப்படியே அந்தச் சேலைக் குவியல் மேல சாஞ்சுட்டா. தொட்டா நெருப்பாக் கொதிக்குது, பல்லு கிட்டிக்கிட்டு நடுங்குறா. ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். லேடி டாக்டர் டெஸ்ட் எல்லாம் பாத்துட்டு, கிட்னி வரைக்கும் இன்ஃபெக்‌ஷன் ஏறியிருக்கு, இன்னும் விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு சொல்ல முடியாதுன்னாங்க. நாள் பூரா தண்ணி குடிக்க மாட்டியா, அடக்கி வச்சுக்குவியான்னு கேட்டாங்க. அப்புறம் என்னையப் பாத்தாங்க. வேலை பாக்குற எடத்துல பாத்ரூம் இல்லையான்னு கேட்டாங்க.

நான் வாயைத் தொறக்குறதுக்குள்ள அவ சொன்னா.

“இருக்கு டாக்டர். எனக்குத்தான் தாகமே எடுக்காது.”

நான் ஆமான்னு தலையை ஆட்டினேன். கமிஷனர் முன்னால அம்புட்டுப் பேசினவ நான். கையில ஊசியோட படுத்துக் கெடக்குறவ எனக்காகப் பொய் சொல்றா, நான் பூம்பூம் மாடாட்டம் தலையாட்டுறேன். எத்தனையோ மூஞ்சியில முழிச்சிருக்கேன், அந்த டாக்டர் மூஞ்சியில மட்டும் இன்னைக்கும் முழிக்க முடியாது.

அவ தேறி வேலைக்கு வந்த அன்னிக்கு மாடிச் சாவியை அவ கையில குடுத்தேன். அதையாச்சும் ஒழுங்காச் செஞ்சேனா? நீ மட்டும் போயிட்டு வா, மத்தவங்களுக்குச் சொல்லாதன்னு காதுல சொன்னேன். சரிக்கான்னா. கடை சாத்துறப்ப குனிஞ்சு பாத்தேன். பாட்டில் அப்படியே இருந்துச்சு. டாக்டர் அம்புட்டுச் சொல்லியும் ஏன்டின்னு கோவத்துல கேட்டேன். எல்லாரும் ஒண்ணாத்தான அக்கா நிக்கிறோம், நான் மட்டும் எப்படிக் குடிக்கிறதுன்னா. மறுநாளே பூட்டைக் கழட்டித் தூர வச்சேன். எங்க கடைப் பிள்ளைங்க எல்லாரும் போறாங்க, வர்றாங்க. வீடு ஒண்ணும் தேஞ்சு போயிரல.

ஆனா பாத்திரக்கடைப் பிள்ளைக்கும் செருப்புக்கடைப் பிள்ளைக்கும் என்ன வழி? வீதிக்கே மாடியைத் தொறந்துவிட முடியுமா? அதுக்குத்தான மனு குடுத்தோம். கவுன்சிலரைத் தேடிப் போயி, தம்பி, எங்க செவத்தை ஒட்டியே கட்டச் சொல்லுன்னு கேட்டேன். அவன் நிமிந்து பாத்தான். இந்த வீதிக்குக் கட்டியாச்சுன்னு கணக்கு முடிஞ்சிருச்சே அக்கா, புதுசாத்தான் கேக்கணும், குடுப்பாங்களான்னு தெரியலன்னான். என் ஒரு போனுக்கு நகந்துபோனது, இப்ப நான் நடையா நடந்தாலும் திரும்பி வரமாட்டேங்குது.

சங்கத்துல சண்டை போட்டுப் புது மனு எழுத வச்சிருக்கேன். பொம்பளைங்களை வேலைக்கு வைக்கிற கடையில பாத்ரூம் இருந்தாத்தான் லைசென்ஸ் புதுப்பிக்கணும், அதுக்கு எடமில்லாத சின்னக் கடைங்களுக்குப் பொதுவுல கட்டிக் குடுக்கணும். எங்களுக்கே நாங்க சட்டம் கேக்குறதான்னு பாதிப் பேரு மொனங்குறாங்க. நாமதான் கேக்கணும், அவங்களா போட்டா ஓட்டை தேடுவோம்னு சொல்லிக் கையெழுத்து வாங்கிட்டேன். போன தடவை எடத்தை மாத்துனது நான்தான்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லல. நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டு உள்ள போயிருது.

வர்ற திங்கக்கிழமை மனு குடுக்கணும். நேத்து மத்தியானம் கடையில கூட்டமில்ல. ஆவூரு பட்டுச் சேலையை மடிச்சுக்கிட்டிருந்தா. கூட வாடி, நீயும் ரெண்டு வார்த்தை பேசுன்னு கூப்பிட்டேன். வாரேன்க்கான்னா. மடிச்ச சேலையை அடுக்குல வச்சுட்டு, என்னையப் பாக்காமலே கேட்டா.

“இந்தத் தடவை போன் ஒண்ணும் பேச மாட்டீங்களே அக்கா?”

அன்னிக்கு நான் போன் பேசுனது பட்டு செக்ஷன்லதான். இதே எடத்துலதான். பக்கத்துல அவ இதே மாதிரி சேலை மடிச்சுக்கிட்டு நின்னா. நின்னது என் கண்ணுல படவே இல்ல. தெரிஞ்சுதான் லட்டை நீட்டியிருக்கா. தெரிஞ்சுதான் டாக்டர்கிட்ட அப்படிச் சொல்லியிருக்கா.

மாட்டேன்னு சொன்னேன். அதுக்குள்ள ஒரு குடும்பம் வாசப்படியேறி உள்ள வந்துச்சு. வாங்கக்கா, கல்யாணத்துக்கா, எந்தக் கலர்ல பாக்குறீங்கன்னு கேட்டுக்கிட்டே அவ அங்கிட்டுப் போயிட்டா.