கல் விழுந்த வீடும் என் மாமியாரும்

கொரோனா அடங்கின பிறகு வந்த முதல் கோடை அது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை. திருத்தணிப் பக்கத்திலிருந்து, ஆந்திராவில் புத்தூரைத் தாண்டி ஒரு கிராமத்துக்கு வாழ வந்திருந்தேன். கணவருக்கு ஸ்ரீசிட்டியில் கம்பெனி வேலை. விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். பகல் முழுக்க வீட்டில் நானும் மாமனாரும் மாமியாரும்தான்.

மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கேட்டதற்குப் பதில் சொல்வார், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. என்னை அவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது.

முதலில் ஒரு டம்ளர்தான் விழுந்தது. நல்ல மத்தியானம். ஃபேன்கூட ஓடவில்லை, கரண்ட் போயிருந்தது. அலமாரியில் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்த டம்ளர்களில் நடுவில் இருந்த ஒன்று மட்டும் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்து கீழே விழுந்தது. எலி என்று நினைத்தேன். அடுத்த நாள் சமையல்கட்டின் ஷீட் கூரைமேல் 'டங்' என்று கல் விழுந்தது. குரங்கு என்றார் மாமனார். தடியை எடுத்துக்கொண்டு வெயிலில் காவல் நின்றார். அவர் கண் எதிரிலேயே இன்னொரு கல் விழுந்தது. மரத்திலும் குரங்கு இல்லை, தெருவிலும் ஆள் இல்லை.

பிறகு கதவைச் சாத்தியிருக்கும்போதே வீட்டுக்குள் விழ ஆரம்பித்தது. ஒரு கல்லை நானே பார்த்தேன். மேலேயிருந்து விழுகிற வேகம் அதற்கு இல்லை. வேப்பம்பூ உதிர்கிற மாதிரி மெதுவாக இறங்கி வந்து, பாய் மேல் சத்தமே இல்லாமல் உட்கார்ந்தது. தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருந்தது. இன்னொரு நாள், பழுக்க வைக்கோலில் போட்டிருந்த மாங்காய்களில் ஒன்று அறையிலிருந்து தானாக உருண்டு வந்தது. கூடத்தை முழுசாகக் கடந்து என் கால் பக்கம் வந்து நின்றது. வீடெல்லாம் மாம்பழ வாசனை. வெளியே கானல் அலைகிறது. நான் முழித்திருக்கிறேனா, மத்தியானத் தூக்கத்தில் கனவு காண்கிறேனா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. பயந்தேன் என்பது உண்மை. ஆனால் அந்த மாம்பழத்தை எட்டி உதைக்கவும் மனசு வரவில்லை.

சேதி பரவிவிட்டது. யாரோ செல்போனில் வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். திருப்பதியிலிருந்து காலேஜ் பையன்கள் பைக்கில் வந்தார்கள். புத்தூருக்கு எலும்புக்கட்டு போட வந்தவர்கள்கூட, கட்டுப் போட்ட கையோடு ஷேர் ஆட்டோ பிடித்து எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். விசாரிக்க வந்த போலீஸ்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவருடைய பூட்ஸுக்கு முன்னால் ஒரு கல் வந்து உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, "கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றார். குடித்துவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை.

இதெல்லாம் ஒருபக்கம். இன்னொரு பக்கம், "அந்தப் பொண்ணு வந்ததுல இருந்துதான்" என்ற பேச்சு கிளம்பியது. தமிழிலும் கேட்டேன், தெலுங்கிலும் கேட்டேன். அப்போது எனக்கு வயிறு லேசாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனால் பெண்கள் குடத்தை நகர்த்தி வைத்துக்கொள்வார்கள். என் அம்மா போனில் அழுதார், வந்துவிடு என்றார். கணவர், கம்பெனிக்குப் பக்கத்தில் வரதய்யபாளையத்தில் வாடகைக்கு வீடு பார்க்கிறேன், கொஞ்சம் பொறு என்றார்.

மாமனாருக்குப் பொறுக்கவில்லை. யாரிடமும் சொல்லாமல், பாகாலாப் பக்கத்திலிருந்து ஒரு மந்திரவாதியை அழைத்துவந்துவிட்டார். ஒரு காலை நேரம். கணவர் வேலைக்குப் போயிருந்தார். வந்தவர் கூடத்தில் மாவால் கட்டம் போட்டார், குங்குமம் கொட்டினார், எலுமிச்சம்பழம் அறுத்து வைத்தார். பக்கத்தில் ஒரு கட்டு வேப்பங்குச்சி. வாசலில் ஊரே நின்றது. அவர் என்னைக் காட்டி, "ஆ பில்லனு ஈட கூச்சோபெட்டண்டி" என்றார். என்னை அந்தக் கட்டத்துக்குள் உட்கார வைக்கச் சொல்கிறார். எதற்கு என்று அந்தக் குச்சிகளைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. கை தானாக வயிற்றின்மேல் போனது.

மாமனார் என் பக்கம் திரும்பி, "கொஞ்ச நேரம்தாம்மா, குந்து" என்றார்.

அப்போதுதான் அத்தை சமையல்கட்டிலிருந்து வந்தார். அரிசி கழுவின ஈரக்கை. என்னைத் தாண்டி நேராகப் போய், அந்தக் கட்டத்தின் நடுவில் அவரே உட்கார்ந்துகொண்டார். கோலமாவும் குங்குமமும் புடவையில் ஒட்டின.

"அடிக்கணும்னா என்னை அடிச்சுட்டுப் போ" என்றார் மந்திரவாதியிடம்.

அதோடு நிறுத்தவில்லை. அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

"கல்லு வுழுதுன்னா வுழட்டும். இத்தினி நாளா வுழுந்துகினு கீதே, யார் மேலயாவது பட்டுச்சா? நான் வாழ வந்தப்பவும் இந்த வூட்ல இதே மாதிரி வுழுந்துச்சு. இதே எடத்துலதான் என்னைக் குந்த வெச்சு அடிச்சாங்க. என் வயித்துல இருந்தது அன்னிக்கே பூட்ச்சு. கல்லு என்னை அடிக்கலய்யா. மனுசங்கதான் அடிச்சாங்க."

சொல்லிவிட்டு மாமனாரைப் பார்த்தார். மாமனார் தலையை நிமிர்த்தவே இல்லை. அன்றைக்கும் அவர் இப்படித்தான் நின்றிருப்பார் என்று தோன்றியது. மந்திரவாதி முணுமுணுத்துக்கொண்டே பையைக் கட்டினார். வாசல் கூட்டம் மெல்லக் கரைந்தது. அத்தை எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, "சோறு வடிக்கணும்" என்று உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகும் கல் விழுந்தது. ஆனால் பகலெல்லாம் அத்தை என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். மாங்காய் நறுக்குவார், பருப்பு புடைப்பார். கல் வந்து இறங்கினால் எடுத்து முறத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கூரையைப் பார்த்து, "புள்ளதாச்சி தூங்கறா, சத்தம் போடாத" என்று தணிந்த குரலில் சொல்வார், பக்கத்து வீட்டுக் குழந்தையிடம் சொல்வதுபோல. நான் அவர் மடியில் தலை வைத்துத் தூங்கிப்போவேன். அந்த மத்தியானங்களில் நான் தூங்கின தூக்கம் அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

கணவர் வீடு பார்த்துவிட்டு வந்து கூப்பிட்டபோது, நான் போகவில்லை என்றேன்.

மழைக்காலம் தொடங்கியது. ஒருநாள் பேச்சுவாக்கில் கணவர், "இப்பல்லாம் வுழறதில்லயா?" என்று கேட்டபோதுதான், கல் விழுந்து வெகுநாள் ஆகிவிட்டது என்பதே எங்களுக்கு உறைத்தது. எப்போது நின்றது, ஏன் நின்றது, யார் செய்தது, எதுவும் தெரியாது. பலர் பல காரணம் சொல்கிறார்கள். நான் எதையும் மறுப்பதில்லை.

திருப்பதி ஆஸ்பத்திரியில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. நர்ஸ் குழந்தையைக் கொண்டுவந்து வாசலருகே நின்ற மாமனாரிடம் நீட்டினார். அவர் கையை நீட்டாமல் ஒரு அடி பின்னால் போனார். அத்தையைப் பார்த்து, "நீ மொதல்ல வாங்கிக்கோ" என்றார். அத்தை வாங்கிக்கொண்டு வெகுநேரம் யாரிடமும் கொடுக்கவில்லை. மாமனார் சுவரோரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

என் வாழ்க்கையில் நான் மிகவும் பயந்தது அந்த வீட்டில்தான். ஆனால் எங்கே பத்திரமாக இருந்தாய் என்று யாராவது கேட்டால், இன்றைக்கும் எனக்கு முதலில் அந்த வீடுதான் ஞாபகத்துக்கு வருகிறது.