சுத்தியக்காவின் காது

அணையில் எல்லோரும் அவளைச் சுத்தியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஷட்டர் சங்கிலிகளுக்குக் கிரீஸ் தடவுவது அவள் வேலை. பேர் வாங்கித் தந்ததோ, இடுப்பில் செருகியிருந்த சின்னச் சுத்தியல். காங்கிரீட்டைத் தட்டுவாள். 'டங்' என்றால் கெட்டி. 'தொம்' என்றால் உள்ளே பொள்ளல். தர்பூசணியைக்கூடத் தட்டாமல் வாங்கமாட்டாள். பால்காரர் முதல் பக்கத்து வீட்டுப் பூனை வரை அவள் யாரையும் நம்பியதில்லை. மகள் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்ட கொத்தனாரை மட்டும் எப்படி நம்புவாள்?

அணைக்கு வயதாகிவிட்டது. உபரி நீர் பாய்ந்து இறங்கும் சரிவு அரித்துப்போய், கம்பி வெளியே பல்லைக் காட்டியது. பழையதைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகக் காங்கிரீட் போடுகிறார்கள். ஷட்டர்களுக்கு மோட்டாரும் வருகிறது. சரிவின் அடிப்பகுதி மருமகன் பொறுப்பு. அதற்கு நேர் கீழே, ஆற்றோரத்தில்தான் மகளும் மருமகனும் அவளோடு இருக்கும் வீடு. மகள் பிள்ளைத்தாய்ச்சி வேறு.

கொத்தனார் என்றால் சட்டையில் கொஞ்சமாவது சிமெண்ட் இருக்கவேண்டாமா? இவர் மாலையில் மடிப்புக் கலையாமல் வந்து நிற்கிறார். அவளுக்கு மூக்கில் வியர்த்தது.

"வேலை செய்றாரா, வேடிக்கை பாக்குறாரா?"

"அங்கயே குளிச்சு மாத்திக்கிட்டு வர்றாரும்மா. சிமெண்ட் வாசனை எனக்குக் குமட்டுது," என்றாள் மகள்.

அதையும் அவள் நம்பவில்லை. மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் சரிவில் இறங்கித் தட்டினாள். டங், டங், டங். நடுவில் மட்டும் நீளமாக ஒரு பட்டை முழுக்கத் தொம், தொம். அங்கேயே திரும்பத் திரும்பத் தட்டினாள். சத்தம் கேட்டு மருமகன் ஓடிவந்தார்.

"அத்தை, அடியில புதுசா வடிகால் விட்டிருக்கோம். கசியிற தண்ணி தளத்தத் தூக்கிடக் கூடாதுல்ல? அதான் அப்படிக் கேக்குது."

"நல்லா கதை விடுறீங்க மாப்பிள்ளை. இந்த அணையிலயே நரைச்சவ நான். எனக்குத் தெரியாத வடிகாலா?"

இன்ஜினியர் வெளியூர் போயிருந்தார். அவள் மேஸ்திரியிடம் போய்ச் சொன்னாள். அவரோ முந்தின நாள்தான் வந்து சேர்ந்தவர். சுத்தியக்கா காது தப்பாது என்று நாலு பேர் சொன்னதும் அதையே பிடித்துக்கொண்டார். மருமகனை வேலையை விட்டு நிற்கச் சொல்லி, அந்த இடத்தை உடைக்கவும் ஆள் விட்டார்.

உடைக்கிற மெஷின் திணறியது. அவ்வளவு கெட்டி. ஒருவழியாக ஓட்டை விழுந்ததும் அவள்தான் முதலில் எட்டிப் பார்த்தாள். வழவழவென்று பூசிய வடிகால். அடியில் கசிவு நீர் மெலிதாக ஓடிக்கொண்டிருந்தது. முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டில் மகள் துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குக் குழந்தை பொறந்தா, அதையும் தட்டிப் பாப்பியாம்மா?"

அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. இவர்கள் போய்விட்டால் அந்த வீட்டில் அவளும் சுவரும்தான்.

இன்ஜினியர் திரும்பி வந்து, மேஸ்திரியை ஒரு பிடி பிடித்துவிட்டு, மருமகனைக் கூப்பிட்டு அனுப்பினார். உடைத்த இடத்தை மருமகனே மூடினார். அது இறுகும்வரை மகளின் பெட்டி கட்டினபடியே கிடந்தது. காங்கிரீட் நன்றாக இறுகியதும் மாமியாரை அழைத்துப்போய், அவள் இடுப்புச் சுத்தியலைக் காட்டினார்.

"தட்டிப் பாருங்க அத்தை."

தட்டினாள். தொம். அதே சத்தம். வடிகால் மட்டும்தானா, அவசரத்தில் வேறு பொள்ளலும் விட்டிருப்பாரா? இந்தமுறை எட்டிப் பார்க்க ஓட்டை இல்லை. மருமகன் கண்கள் அவள் முகத்தை விட்டு நகரவில்லை.

"கெட்டியா இருக்கு மாப்பிள்ளை," என்றாள்.

காது சொன்னதை வாய் சொல்லாதது அன்றைக்குத்தான் முதல் தடவை. சுத்தியலை அவர் கையில் கொடுத்தாள்.

"அவகிட்ட பெட்டியப் பிரிச்சு வைக்கச் சொல்லுங்க."