மல் துணிக்குள் மதினியின் கை

மதினி அந்த ஈயைப் பிடித்தது அண்ணனின் கணுக்காலில். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று, பக்கத்து வீட்டுச் சாக்கடையைக் கல் வைத்து அடைக்கப்போவதாக அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார். "செத்த அசையாம இருங்க" என்று குனிந்த மதினி, சட்டென்று ஓர் அடி அடித்தார்.

யுத்த காலம் அது. ஐப்பசி மழை ஓய்ந்திருந்தது. கடிக்கிற ஈக்கள் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. பகலில் உட்கார்ந்தால் காலில் சுருக்கென்று ஊசி ஏறும். தொட்டிலில் கிடந்த அண்ணன் குழந்தையின் பாதமெல்லாம் தடிப்பு. பசு ஓயாமல் உதைத்ததில் கறந்த பாலில் பாதி தரையில் கொட்டியது. எல்லாம் பக்கத்து வீட்டுச் சாக்கடையால்தான் என்று அண்ணன் தெருவில் நின்று சத்தம் போட, இரு வீட்டுக்கும் பேச்சு நின்றது. தெலுங்கு பேசும் குடும்பம் அது. அந்த வீட்டு அம்மாதான் மதினிக்கு இந்த ஊரில் கிடைத்த ஒரே சிநேகிதி.

கல்யாணத்துக்கு முன் மதினி ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்கள் பள்ளிக்கூட டீச்சர். பெட்டியிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்துச் செத்த ஈயைப் பார்த்தவர் என்னைக் கூப்பிட்டார். எனக்கு அப்போது இருபது வயது. "ஏட்டி, இதோட வாயப் பாரு." பார்வைக்கு வீட்டு ஈதான். ஆனால் தலைக்கு முன்னால் கறுப்பாக ஓர் ஊசி நீட்டிக்கொண்டிருந்தது. வீட்டு ஈக்கு நக்க மட்டும்தான் தெரியும். இது குத்துகிற சாதி. சுவரில் உட்காரும்போதும் தலையை மேலே வைத்தே உட்கார்ந்தது. அதை அடையாளமாக வைத்து நாங்கள் இருவரும் சுவர் சுவராகத் தேடினோம். சாக்கடைப் பக்கம் ஒன்றிரண்டுதான். வெயில் விழும் எங்கள் மாட்டுத்தொழுச் சுவரில் கூட்டமாக இருந்தன.

தொழுவில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் மழைநீரும் மாட்டு மூத்திரமும் ஊறி மக்கிய வைக்கோல் கூளம் கிடந்தது. குச்சியால் கிளறினோம். உள்ளே வெள்ளைப் புழுக்கள். நெல்லைவிடச் சிறிய பழுப்புக் கூடுகள். அண்ணன் அசரவில்லை. "சாக்கடையிலயும்தான் புழு கெடக்கும்" என்றார்.

மதினி இரண்டு கலயம் எடுத்தார். ஒன்றில் எங்கள் கூளம், இன்னொன்றில் பக்கத்து வீட்டுச் சாக்கடைச் சேறு. இரண்டின் வாயையும் மெல்லிய மல் துணியால் கட்டினார். அடுப்படியில் என்ன வேலை இருந்தாலும் மணிக்கொரு தரம் ஓடிப்போய்ப் பார்ப்போம். ஒரு வாரம் கழித்துச் சேற்றுக் கலயத்தில் கொசு போன்ற பொடிப்பூச்சிகள் பறந்தன. கூளக் கலயத்தில் ஈக்கள்.

"இது வெறும் வீட்டு ஈதான" என்றார் அண்ணன்.

"நாளைக்குப் பாருங்க. பசிக்கட்டும்."

மறுநாள் அண்ணனை எதிரில் நிறுத்தி, துணியைத் தளர்த்திக் கையை உள்ளே விட்டார் மதினி. மதினியின் முகம் சுளித்தது. உடனே சிரிப்பு பொங்கியது. "கடிச்சிட்டு, கடிச்சிட்டு" என்று கையை எடுத்துக் காட்டினார். புறங்கையில் ஒரு பொட்டு ரத்தம். கடி வாங்கி அப்படிச் சந்தோஷப்பட்ட ஒருவரை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனார். நாங்களும் பின்னால் போனோம். "எங்க தொழுவுல இருந்துதான் வருது. நான் பேசினது தப்பு" என்றார். அந்த வீட்டுக்காரர், "எங்க பிள்ளைகளையும் கடிச்சுதுங்க. நீங்க சொன்ன பொறவு எங்க சாக்கடைதான்னு நெனச்சோம். தினம் ரெண்டு வேளை தேச்சுக் கழுவுதோம்" என்றார். அண்ணன் தலை குனிந்து நின்றார்.

விடிந்ததும் தொழுவில் முதலில் இறங்கியவர் அண்ணன்தான். இப்போது கடையில் மருந்து வாங்கி அடிக்கிறார்கள்; எங்களுக்கு மம்பட்டியும் வெயிலும்தான். ஈரக் கூளத்தை அள்ளி வெட்டவெளியில் மெல்லிசாகப் பரப்பிக் காயவைத்தோம். மூத்திரம் தேங்காமல் ஓட வாய்க்கால் வெட்டினோம். வாரம் தவறாமல் அதையே செய்தோம். ஒரு மாதத்துக்குள் பசு அசையாமல் நின்று கறந்தது. அன்று ஒரு செம்புப் பாலோடு பக்கத்து வீட்டுக்குப் போன மதினி, மத்தியானம் வரை திரும்பவில்லை. குழந்தையை நான்தான் வைத்திருந்தேன்.