விசாவுக்கு எடுத்த முகம்

இலங்கையிலிருந்து அக்கா எழுதிய கடிதத்தில் இரண்டே விஷயம்தான். மறுபடி உண்டாகியிருக்கிறாள். அம்மா வந்து ஆறு மாதம் கூட இருந்தே ஆகவேண்டும். அதற்கு முன் இரண்டு முறை கலைந்துபோயிருந்தது. தேயிலைத் தோட்டத்து ஆபீசில் அத்தானுக்குக் கிளார்க் வேலை. காலையில் போனால் இருட்டித்தான் வருவார். 'இந்தத் தடவை நீங்க இல்லாட்டி எனக்குத் தைரியம் இல்லம்மா' என்று முடித்திருந்தாள்.

ஐம்பதுகளின் பிற்பாதி அது. போட் மெயிலில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, மறுநாள் கொழும்பில் இறங்கிக்கொள்ளலாம் என்றிருந்த காலம் போய்விட்டது. பாஸ்போர்ட் வேண்டும், அதில் விசா வேண்டும். ஜங்ஷன் பக்கம் பாரங்களைப் பூர்த்தி செய்து கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் போனேன். அவர் என் பேச்சைப் பாதியிலேயே நிறுத்தினார்.

"ஆறு மாசம்னா யோசிப்பாங்க டீச்சர். டூரிஸ்ட்னே போட்டுடுவோம். நான்தான் சோறு போடறேன், நான்தான் திருப்பி அனுப்பறேன்னு மாப்பிள்ளைகிட்ட ஒரு லெட்டர் வாங்கிக்குங்க. போட்டோ மட்டும் நல்லதா எடுத்துட்டு வாங்க."

வேளாங்கண்ணிக்கு அப்பால் போயிராத என் அம்மா இப்படித்தான் சுற்றுலாப் பயணி ஆனாள். அதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. பொதுவாகவே அவள் சிரிப்பதை விட்டுச் சில வருஷம் ஆகியிருந்தது.

நானும் அம்மாவும் மட்டும் மேலப்புதூரில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலையில் இருக்கும்போதே இறந்துபோனார். நாங்கள் மூன்று பெண்கள். அக்காவை அம்மா 'பெரியவ' என்பாள், தங்கையை 'சின்னவ' என்பாள். நடுவில் பிறந்த எனக்குப் பட்டம் எதுவும் கிடையாது. 'ஏ, இங்க வா' என்றால் நான்தான். சம்பளம் வாங்கிக் குடித்தனம் நடத்துகிறவள் நான் என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. இப்போதும் உண்டு.

அக்கா கல்யாணமாகிப் போன மறுவருஷம் சின்னவளுக்கு அம்மை போட்டது. பெரியம்மை. ஊருக்கு வெளியே இருந்த தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அம்மாவும் கூடவே போய்விட்டாள். டீச்சர் டிரெயினிங்கில் எனக்கு அம்மை குத்தியிருந்ததால் நான் தப்பித்தேன். ஆனால் என்னை உள்ளே விடவில்லை, வேலிக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்புவேன். சின்னவள் அங்கேயே இறந்துபோனாள். பதினேழு வயது. அவளிடமிருந்து அம்மாவுக்கும் தொற்றியது. அம்மா பிழைத்து வீட்டுக்கு வந்தபோது வாசலில் நின்ற பெண்ணை எனக்கு ஒரு கணம் தெரியவில்லை. முகம் முழுக்கக் குழி. புருவத்தில் பாதி இல்லை.

"பெரியவளுக்கு டைபாய்டுனு எழுது," என்றாள் அம்மா. "வயித்துல இருக்கு அவளுக்கு. என்னைப் பத்தி ஒண்ணும் எழுதாத."

அப்படியே எழுதினேன். அது முதல் கர்ப்பம். அவ்வளவு மறைத்து எழுதியும் அது நிலைக்கவில்லை. அதற்கப்புறம் உண்மையைச் சொல்ல ஒரு நல்ல நாள் வரவே இல்லை.

சின்னவளுக்கென்று வீட்டில் ஒரு படம்கூடக் கிடையாது. அக்கா கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோவில் இருக்கிறாள். ஆனால் எடுக்கிற சமயம் பார்த்துத் தலையைத் திருப்பிவிட்டாள். முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு தேய்ப்பு. அம்மா அதை எத்தனையோ முறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறாள். எனக்கு எரிச்சலாக வரும். கொஞ்ச நேரம் சும்மா நின்றிருந்தால் என்ன அவளுக்கு?

தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு ஸ்டுடியோவுக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். முக்காட்டை எடுக்கச் சொன்னதற்கே பெரும்பாடு. கண்ணை இமைக்காமல், மூச்சை அடக்கிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் ஊசிக்குக் காத்திருக்கிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாள் கழித்து ஸ்கூல் விட்டுப் போய் நான்தான் படத்தை வாங்கினேன். கவரைத் தெருவிலேயே பிரித்தேன்.

உள்ளே சின்னவள் இருந்தாள்.

நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு ரிக்‌ஷாக்காரர் திட்டிவிட்டுப் போனார். வழவழவென்ற கன்னம், முழுப் புருவம், கொஞ்சம் முறைத்த மாதிரியான அந்தப் பார்வை. அம்மாவின் சேலையைக் கட்டிக்கொண்டு, அம்மாவின் கம்மலைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். சின்னவள் அப்படியே அம்மாவை உரித்துவைத்தவள் என்று எல்லோரும் சொல்வார்கள். அது எனக்கு மறந்தே போயிருந்தது.

திரும்பி ஓடி ஸ்டுடியோக்காரரிடம் கேட்டேன். அவருக்கு ஒரே பெருமை.

"நெகட்டிவ்ல பென்சில் வேலைங்க. ஒவ்வொரு குழியா மூடினேன், ஒரு நாள் முழுக்க உக்காந்தேன். அப்படியே விட்டா நம்ம ஸ்டுடியோ பேரு என்னங்க ஆகறது?"

கல்யாணத்துக்குப் பெண் பார்க்க அனுப்பும் படத்துக்கு எல்லா ஸ்டுடியோவிலும் செய்கிற வேலைதான். விசாவுக்கும் செய்வார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவருடைய தாராளத்தை என்னவென்று திட்டுவது?

அம்மா படத்தை வாங்கிப் பார்த்தாள். அழவில்லை. "வந்துட்டா," என்றாள். அவ்வளவுதான். ஒரு பிரதியை மாதா படத்துக்குக் கீழே வைத்தாள். அன்று சாயங்காலம் நான் குளித்துவிட்டு வந்தபோது மூன்று பாய் விரித்திருந்தது. சுவரோரம் சின்னவள் படுக்கும் இடம். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது பதில் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. மறுநாளும் மூன்று பாய்தான். நடுப்பாயில் படுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பாமல் இருப்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

படத்தின் பின்புறம் ஒரு கெஜட்டட் ஆபீசர், இது இன்னாருடைய உண்மையான சாயல்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். எங்களுக்குத் தெரிந்த கெஜட்டட் ஆபீசர் ஒரே ஒருவர். அந்தத் தொற்றுநோய் ஆஸ்பத்திரியில் அப்போது இருந்த டாக்டர். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் வீடு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பஸ் பிடித்துப் போனேன். காவிரிப் பாலத்தில் பஸ் போகும்போது கைப்பையைத் திறந்து பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். பார்த்தேன்.

நெற்றியில் திருமண் உலராமல் டாக்டர் வந்து உட்கார்ந்தார். படத்தை வாங்கியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"யார் இது?"

"அம்மா, சார்."

"உங்கம்மா முகம் எனக்குத் தெரியாதா? பொழைக்க வெச்சு ஆத்துக்கு அனுப்பினவன் நான்." குரலைத் தணித்துக்கொண்டார். "இது அந்தக் கொழந்தைதானே. முதல் நாள் வார்டுக்கு வந்தப்போ இப்படித்தான் இருந்தா. உண்மையான சாயல்னு நான் எப்படிம்மா கையெழுத்துப் போடறது? வேற படம் எடுத்துண்டு வா. நிமிஷமாப் போட்டுத் தரேன்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "அப்ப நான் போகல," என்றாள்.

"இன்னொரு படம் எடுத்தாப் போச்சு. அதுக்கா போகல?"

"எடுக்க மாட்டேன். இந்தப் படத்தை வாங்கிக்கிட்டா போறேன். இல்லாட்டி வேணாம்."

ஒரு வாரம் கெஞ்சினேன். தலைகீழாக நின்று பார்த்தேன். அதற்குள் அக்காவிடமிருந்து அடுத்த கடிதம் வந்தது. ரத்தம் பட்டிருக்கிறதாம், தோட்டத்து டாக்டர் எழுந்து நடமாடக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். 'விசா என்னம்மா ஆச்சு?' என்று கேட்டிருந்தாள். வாசித்துக் காட்டினேன். அம்மா எழுந்துபோய் மாதா படத்துக்குக் கீழே இருந்த படத்தை முந்தானையால் துடைத்தாள்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ.

"செத்துப்போனவளா போய் அவளுக்குப் பிரசவம் பாக்கப் போறா? உயிரோட இருக்கறவளையும் இங்க இருந்துக்கிட்டே கொல்லப் போறீங்களாம்மா?"

இந்த மாதிரி நான் அவளிடம் பேசியதில்லை. அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"அவ கேப்பாடி."

"என்னத்த கேப்பா?"

"மூஞ்சியில என்னம்மானு கேப்பா. அப்ப சின்னவளுக்கும் இதானேனு கேப்பா. டைபாய்டுனு எழுதிட்டு இப்ப இதைக் கொண்டுபோய் அவ முன்னாடி நீட்டச் சொல்றியா, வயித்துல புள்ளையோட படுத்திருக்கறவகிட்ட?" மாதா படத்துப் பக்கம் நிமிர்ந்து பார்த்தாள். "இந்தப் படம் வந்தப்ப ஒரு ஆசை வந்திருச்சு. இந்த மூஞ்சியோட போய் எறங்கினா எதுவுமே நடக்கலன்னு ஆயிடும்ல."

அதுவரை அம்மாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். அவள் என்னைவிடத் தெளிவாக இருந்தாள். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மறுநாள் நான் ஸ்கூலுக்குக் கிளம்பும்போது அம்மா சேலை மாற்றிக்கொண்டு நின்றாள். "லீவு போடு," என்றாள். ஸ்டுடியோவில் அவளே முக்காட்டை எடுத்தாள். "தம்பி, ஒரு பென்சிலும் வேணாம். இருக்கறபடி இருக்கட்டும்." அவருக்கு மனசே இல்லை. படத்தைக் கொடுக்கும்போது பின்னால் வழக்கமாக அடிக்கும் ஸ்டுடியோ முத்திரையை அடிக்காமல் கொடுத்தார். டாக்டர் சொன்னபடியே நிமிஷமாகக் கையெழுத்துப் போட்டார்.

அதற்கப்புறமும் என்னென்னவோ கேட்டார்கள். அம்மை குத்திய சர்டிபிகேட் வேண்டும் என்றார்கள். முனிசிபல் ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறவர் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு எதுக்குங்க?" என்றார். எதுக்கு என்று எங்களுக்கும் தெரியவில்லை. சட்டம் என்றால் சட்டம், கையை நீட்டினாள். மெட்ராசிலிருந்து பாஸ்போர்ட் விசாவோடு வந்து சேர்ந்தபோது அக்காவுக்கு ஏழாம் மாதம் தொடங்கியிருந்தது.

எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த ஒரு வியாபாரியின் குடும்பம் கொழும்புக்குப் போவதாக இருந்தது. அவர்களோடு அம்மாவைப் போட் மெயிலில் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "சின்னவ படத்தை வெச்சுட்டுத்தான் போறேன். உனக்குத் தொணையா இருக்கட்டும்," என்றாள். நல்ல துணைதான். அந்த ஆறு மாதமும் பக்கத்து வீட்டுப் பிள்ளையை வந்து படுக்கச் சொன்னேன். படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைப்பேன். திருப்பிவைத்த பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு அங்கே யாரோ நிற்கிற மாதிரி இருக்கும். மறுபடி நேராக வைப்பேன். உயிரோடு இருந்தபோது அவளிடம் நான் அவ்வளவு பேசினதில்லை; அந்த ஆறு மாதத்தில் பேசினேன். பெரும்பாலும் திட்டினேன்.

அக்காவுக்கு ஆண் குழந்தை. கஷ்டப்பட்டுத்தான் பிறந்தான், ஆனால் பிழைத்துக்கொண்டான். அவன் தவழ ஆரம்பிக்கும் முன் அம்மாவின் விசா முடிந்தது. திரும்பி வந்து, சாமான்களை எல்லாம் எடுத்துவைத்துவிட்டு, நான் கேட்காமலே அம்மா சொன்னாள்.

அத்தான் ஸ்டேஷனுக்கு வந்திருந்தாராம். முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்டிருக்கிறார், ஆனால் மரியாதைக்காரர், வழி நெடுக ஒன்றும் கேட்கவில்லை. தோட்டத்தில் வண்டி மேட்டுக்குக் கீழேயே நின்றுவிட்டது. அவர் பெட்டியை இறக்கிக்கொண்டிருக்க, அம்மா முன்னால் ஏறிப் போயிருக்கிறாள். அக்கா வாசலில் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மாவைத் தாண்டிப் பாதையைப் பார்த்தாள்.

"எங்கம்மா பின்னாடி வர்றாங்களாம்மா?" என்று அம்மாவிடமே கேட்டிருக்கிறாள்.

"நான்தான் பெரியவளே," என்றாளாம் அம்மா.

அக்கா எழுந்து நிற்கக் கூடாது. எழுந்து வந்தாள். கத்தவில்லை, அழவில்லை. அம்மா இத்தனை நாள் பயந்த கேள்வியைக் கேட்கவும் இல்லை. கிட்டே வந்ததும் அவளுக்கே எல்லாம் தெரிந்துபோய்விட்டது. அம்மாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு விரலால் நெற்றியிலிருந்து ஒவ்வொரு குழியாகத் தொட்டுக்கொண்டே வந்தாளாம். கன்னம், மூக்கு, மோவாய், கழுத்து வரைக்கும். அத்தான் பெட்டியோடு வந்து நின்று, அதைக் கீழே வைக்கத் தோன்றாமல் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"நீங்க என்ன செஞ்சீங்கம்மா?" என்றேன்.

"நான் என்ன செய்ய? அசையாம நின்னேன்," என்றாள் அம்மா. "அவ என்னையத் தொடல. சின்னவளைத் தொட்டுப் பாத்துக்கிட்டு இருந்தா. பாத்து முடிக்கட்டும்னு நின்னேன்."